நாலாவது வாக்கியம்

பெஹாலா, கல்கத்தா
18.1.1998

அன்புள்ள பிரபாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். பொங்கலுக்கு நீ தஞ்சாவூரிலிருந்து அனுப்பிய மஞ்சள் கொத்து பார்சலுக்குள் வாடிப்போயிருந்தாலும் வாசம் போகவில்லை. நானும் தீப்தியும் நலம். அவளுக்கு இருமல் மட்டும் விட்டபாடில்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரர் வேலாயுதம் அண்ணன் சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாரா, இல்லை பூனைக்கு வைக்கிறாரா?

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை பத்தரை மணிக்கு டி.வி.யில் ஒரு வங்காளத் தொடர் வருகிறது. 'நீஹாரிகார் மாஜி'. நட்சத்திரப் புகைக்குள் படகோட்டுகிறவன் என்று வைத்துக்கொள். உன் அண்ணன் இருந்தபோது, சாப்பிடக் கூப்பிட்டாலும் காதில் வாங்காமல் படிப்பாரே நாலு பாகம், அதே கதைதான். ஒரு கப்பல் நிறைய மனிதர்கள் தூங்கிக்கொண்டு வேறொரு சூரியனுக்குப் போகிறார்கள். ஒருவன் மட்டும் விழித்திருந்து இருட்டின் ஆழத்தை அளந்து வழி சொல்கிறான். அவன் மனைவி பூமியில் இருக்கிறாள். அவன் அனுப்பும் சேதி அவளுக்கு வந்து சேரப் பல வருஷம் ஆகிறது. ஆற்றில் மோட்டார் லாஞ்சில் போய் மணல் மேடு எங்கே நகர்ந்திருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தவருக்கு இது பிடித்ததில் ஆச்சரியமில்லை. இதைப் படிப்பதற்காகவே வங்காள எழுத்து கற்றுக்கொண்டவர். கெமிஸ்ட்ரி டீச்சரான நான்தான் அவரைக் கேலி செய்துகொண்டிருந்தேன்.

இன்று தேங்காய் துருவிக்கொண்டே பார்த்தேன். புதிதாக வந்த ஒரு பயணியிடம் படகோட்டி சொல்கிறான்: 'ஆழம் தெரியாத இடத்தில் மெதுவாகப் போக வேண்டும். மெதுவாகப் போனால் தண்ணீரே வழி சொல்லும்.' வங்காளத்தில்தான் சொன்னான். ஆனால் 1977இல் ஹௌரா ஸ்டேஷனில் என் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து மிரண்டு நின்ற என்னிடம் உன் அண்ணன் சொன்ன முதல் வார்த்தை அது. துருவுமணை என் விரலைக் கீறிவிட்டது.

புத்தகங்கள் பீரோவின் கீழ்த்தட்டில் அப்படியே இருக்கின்றன. எடுத்துப் படிக்கலாமா என்று யோசிக்கிறேன்.

தீப்தி அத்தைக்கு முத்தம் சொல்கிறாள்.

உன் அண்ணி,
கோமதி


தஞ்சாவூர்
2.2.1998

அன்பு அண்ணிக்கு,

பிரபா வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். மாத்திரை பூனைக்குப் போவதில்லை, சட்டைப் பைக்குப் போய் அங்கிருந்து சலவைக்குப் போகிறது. தீப்திக்குத் தூதுவளை உலர்த்தி வைத்திருக்கிறேன், அனுப்புகிறேன்.

'டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்துக்கொண்டு இன்லேண்ட் லெட்டர் வாங்குகிறாயே' என்று தபால்காரர்கூடச் சிரிக்கிறார். நாளெல்லாம் ஊரார் பேச்சைக் காதில் வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் எனக்குப் போனைத் தொடப் பிடிக்கவில்லை.

உங்கள் கடிதம் படித்துச் சிரித்தேன். அண்ணன் கள்ளன். கதைப் புத்தகத்தைக் காப்பியடித்துப் புதுப்பெண்ணை மயக்கியிருக்கிறார். என் வீட்டுக்காரர் மட்டும் என்ன, பெண் பார்க்க வந்த அன்று கொட்டகையில் கேட்ட வசனத்தைத்தான் அவிழ்த்துவிட்டார், நானே கண்டுபிடித்தேன். தாராளமாகப் படியுங்கள். இன்னும் எத்தனை திருடினார் என்று எனக்கும் எழுதுங்கள்.

இப்படிக்கு உங்கள்
பிரபா


பெஹாலா
9.3.1998

அன்புள்ள பிரபாவுக்கு,

நலம். தூதுவளை வந்தது, இருமல் குறைந்தது. உன் முழங்காலுக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று நீ எழுதவேயில்லை.

நீ சிரித்தது போல நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு வந்துவிட்டன. தீப்தி பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசல்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். 'பயமாயிருந்தால் எண்ணு. நூறிலிருந்து கீழே எண்ணு. இறங்க இறங்கத் தரை தட்டும்' என்றார். நான் நாற்பத்தொன்றுவரை எண்ணினேன். பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, தூக்கத்திலிருந்து விழித்து அலறும் ஒரு குழந்தையிடம் படகோட்டி அதையே சொன்னான்.

நேற்று இன்னொன்று. லாஞ்ச் டூட்டிக்கு நாலைந்து நாள் போகும்போது என் முகம் வாடினால் சொல்வார்: 'நான் போனதும் வீடு கொஞ்சம் பெரிசாகத் தெரியும். இரண்டு நாளில் பழகிவிடும்.' அதையும் அவன் தன் மனைவியிடம் சொல்லிவிட்டான். பக்கத்துவீட்டு சௌத்ரி பௌதி, சௌத்ரி அண்ணி என்று வைத்துக்கொள், எங்கள் வீட்டில்தான் உட்கார்ந்து பார்ப்பாள். அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்னால் அழவும் முடியவில்லை. எனக்கென்று சொன்னதை ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

உன் அண்ணன் அதிகம் பேசாதவர் என்பது உனக்குத் தெரியும். பதினேழு வருஷத்தில் மனதில் வைத்துக்கொள்ளும்படி அவர் சொன்னவை ஒரு கை விரலுக்குள் அடங்கும். மூன்று போய்விட்டன. புத்தகத்தைத் திறந்தால் மிச்சமும் போய்விடுமா? நேற்று நாலையும் எடுத்துத் தூசி தட்டினேன். திரும்ப உள்ளே வைத்துவிட்டேன். படிக்காமல் இருந்தால் சந்தேகம் மட்டும்தான். படித்துவிட்டால், நான் யாரோடு குடித்தனம் செய்தேன் என்று தெரிந்துவிடும். நீ அவருடன் பிறந்தவள். படிக்கட்டுமா என்று நீயே சொல்லிவிடு.

வேலாயுதம் அண்ணனுக்கு என் விசாரிப்பு.

கோமதி


தஞ்சாவூர்
20.4.1998

அன்பு அண்ணிக்கு,

வணக்கம். இத்தனை நாள் கழித்து எழுதுவதற்கு மன்னியுங்கள். எக்ஸ்சேஞ்சில் புது மெஷின் வைக்கிறார்கள், ஓயாத வேலை. முழங்கால் பரவாயில்லை. இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது.

யோசித்துப் பார்த்தேன். நான் முன்பு விளையாட்டாக எழுதிவிட்டேன். அண்ணன் எதையும் காப்பியடிக்கவில்லை, அண்ணி. அவர் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் பேசுவார். எனக்கு எட்டு வயதில் தேள் கொட்டியபோது நூறிலிருந்து கீழே எண்ணச் சொன்னார். ஆழம், தண்ணீர் எல்லாம் வடவாற்றில் நீச்சல் கற்றுக்கொடுத்தபோது சொன்னது. வீடு பெரிசாகத் தெரியும் என்று ஹாஸ்டலுக்குப் போகும்போது அம்மாவிடம் சொன்னார். எல்லாம் அவருடைய சொந்த வார்த்தை. டி.வி.யில் வருவது தற்செயலாக ஒத்துப்போவது.

அதனால் அந்தப் புத்தகங்களைப் படிக்க வேண்டாம். யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

தீப்திக்குப் பரீட்சை எப்போது?

உங்கள்
பிரபா


பெஹாலா
10.5.1998

அன்புள்ள பிரபாவுக்கு,

நலம். வரும் செவ்வாய்க்கிழமை உன் அண்ணன் போய் நாலு வருஷம். பள்ளிக்கு லீவு சொல்லியிருக்கிறேன். லேக் மார்க்கெட்டில் வாழைப்பூ கிடைத்தால் வடை செய்ய வேண்டும், அவருக்குப் பிடிக்கும்.

உன் கடிதம் வந்த அன்று எனக்குக் காய்ச்சல் விட்டது போல இருந்தது. இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் பலகையில் ஒரு சமன்பாட்டைப் பாதி எழுதிவிட்டு நின்றுவிட்டேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தஞ்சாவூரில் தேள் கொட்டிய குழந்தையிடம் அவர் சொன்னதை இந்த டி.வி.க்காரர்கள் எங்கே கேட்டார்கள்? ஒன்றென்றால் தற்செயல். மூன்றுமா? அதுவும் சொன்ன ஆள் போனபிறகு?

நான் படித்தவள்தான், பிரபா. எதையும் அளந்து பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள். ஆனால் அந்தக் கதையில் சேதி வந்து சேரப் பல வருஷம் ஆகிறது. அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இப்போது ஞாயிறு காலை பத்து மணிக்கே தலை வாரிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

இன்று நாலாவது வந்தது. பத்தே முக்கால் இருக்கும். படகோட்டி கப்பலின் கதவருகே நிற்கிறான், முதுகுதான் தெரிகிறது. 'தாழ் போடாதே. நான் தட்டி நீ எழுந்து வர வேண்டாம்.' தமிழில் சொன்னது போல அவ்வளவு தெளிவாகக் கேட்டது. லாஞ்சுக்குக் கிளம்பும் ஒவ்வொரு தடவையும், கடைசித் தடவையும், செருப்பை மாட்டிக்கொண்டே இதைத்தான் சொல்வார். நானும் பகலில் தாழ் போடாமல் வைத்திருப்பேன். அவர் ஒருநாளும் தட்டியதில்லை. கடைசியில் நாலு பேர் தூக்கி வந்தபோதும் கதவு திறந்துதான் இருந்தது.

இதுவும் சின்ன வயது வார்த்தைதானா? சொல். உடனே எழுது.

கோமதி


பெஹாலா
21.6.1998

அன்புள்ள அத்தை,

நான் தீப்தி எழுதறேன். அம்மாவுக்குத் தெரியாது. தமிழ் எழுத்துல தப்பு இருந்தா சிரிக்காதீங்க, எனக்கு வங்காளம்தான் கைக்கு வரும். நீங்க நல்லா இருக்கீங்களா? மாமா நல்லா இருக்காங்களா?

அம்மா உங்க லெட்டருக்காக ஆறு வாரமா பார்த்துட்டு இருக்காங்க. கேட்டா இல்லைன்னு சொல்வாங்க, ஆனா தபால் பியூன் சைக்கிள் சத்தம் கேட்டா எழுந்துடறாங்க.

இப்ப அம்மா வீட்டைப் பூட்டறதே இல்ல. ஸ்கூலுக்குப் போகும்போதும் கதவைச் சும்மா சாத்திட்டுப் போறாங்க. நான் தாழ் போட்டா எடுத்துடறாங்க, ஏன்னு சொல்ல மாட்டாங்க. போன புதன்கிழமை நான் காலேஜ்ல இருந்து வந்தப்ப கரண்ட் மீட்டர் பார்க்கற ஆள் ஹால்ல உட்கார்ந்து டீ குடிச்சிட்டு இருந்தார். கதவு திறந்திருந்ததுன்னு உள்ளே வந்துட்டாராம். அம்மா அவர்கிட்ட தமிழ்ல பேசிட்டு இருந்தாங்க. 'ஏன் இவ்வளவு நாள், சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டாங்க. அவர் என்னைப் பார்த்து, 'தீதி, இவங்க என்ன சொல்றாங்க'ன்னு கேட்டார். நான் வந்ததும் அம்மா எழுந்து உள்ளே போயிட்டாங்க.

சீரியல் அடுத்த வாரம் முடியுது. அப்புறம் என்ன ஆகும்னு எனக்குத் தெரியலை. நீங்க அம்மாவுக்கு எழுதுங்க அத்தை. என்னன்னாலும் எழுதுங்க.

தீப்தி


தஞ்சாவூர்
5.7.1998

அன்பு அண்ணிக்கு,

பிரபா எழுதுகிறேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு வாயில்லை. இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

ஏப்ரலில் எழுதியது பொய். எனக்குத் தேள் கொட்டியதே இல்லை. வடவாற்றில் அண்ணன் எனக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கவில்லை, பெண்பிள்ளையை யார் ஆற்றுக்கு விட்டார்கள்? அம்மாவிடம் அவர் எதையும் சொல்லவில்லை. நீங்கள் எழுதியதைப் படித்ததும் மனசு தாங்காமல், எல்லாம் அவருடையது என்று சொன்னால் நிம்மதியாக இருப்பீர்கள் என்று நினைத்தேன். அது உங்களை இந்த இடத்தில் கொண்டுவந்து விடும் என்று நினைக்கவில்லை. அந்த மூன்றும் புத்தகத்தில் இருக்கும். எடுத்துப் பாருங்கள்.

ஆனால் நாலாவது நிஜம். அதனால்தான் மே மாதத்திலிருந்து என்னால் எழுத முடியவில்லை.

1972, ஆவணி மாதம். அண்ணனுக்குக் கல்கத்தாவில் வேலை கிடைத்திருந்தது. அவ்வளவு தூரம் போகக்கூடாது என்று அப்பா சத்தம் போட்டார். மறுநாள் அண்ணன் சர்டிபிகேட் வாங்கக் கல்லூரிக்குக் கிளம்பினார். எனக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், கூடத்தில் பாயில் கிடந்தேன். அம்மா ஊரில் இல்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அண்ணன் சொன்னார்: 'பிரபா, தாழ் போடாதே. நான் தட்டி நீ எழுந்து வர வேண்டாம்.'

அவர் போனதும் அப்பா தாழ் போட்டார். திறக்கிறவர்கள் அவனோடேயே போய்விடலாம் என்றார்.

மதியம் இரண்டு மணிக்கு அண்ணன் தட்டினார். மூன்று தடவை. என் பெயரைக் கூப்பிடவில்லை. நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்பா ஈசிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், பக்கத்தைத் திருப்பவில்லை. ரொம்ப நேரம் வெளியே சத்தமே இல்லை. அப்புறம் செருப்புச் சத்தம் தெருமுனைவரை கேட்டது. மாற்றுச் சட்டை இல்லாமல் ரயில் ஏறியிருக்கிறார். நாலு வருஷம் கழித்து என் கல்யாணத்துக்கு வந்தார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நான் தூங்கவில்லை என்பது அவருக்குத் தெரியுமா? இருபத்தாறு வருஷமாக, கல்யாணத்துக்குப் பிறகும், அதே வீட்டில், அதே கதவுக்குப் பின்னால் இருக்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் புத்தகம் ஆரம்பித்ததே அண்ணன் அங்கே போனபிறகு என்று நீங்கள் முன்பு எப்போதோ சொன்ன ஞாபகம். படித்துவிடுங்கள், அண்ணி. நாலாவது அதில் இருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். இருந்தால் எப்படி என்றும்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

பிரபா


பெஹாலா
26.7.1998

பிரபாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோபம் இருக்கிறது. அதை எழுத இப்போது நேரமில்லை, ஏனென்றால் படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

தீப்தியைப் படித்துக் காட்டச் சொல்லலாம். வேண்டாம் என்று தோன்றியது. வங்காளப் பேச்சு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, எழுத்து இன்னும் பஸ் போர்டு வரைக்கும்தான். ஒரு நாளைக்கு ஐந்து பக்கம் தாண்டவில்லை. முதல் பாகம் 1975இல் வந்தது என்று போட்டிருக்கிறது. அவரும் இதே வேகத்தில்தான் படித்திருப்பார்.

மழையில் துணி காயவில்லை. மற்றபடி நலம். முழங்காலைக் கவனி.

கோமதி


பெஹாலா
4.10.1998

அன்புள்ள பிரபாவுக்கு,

துர்கா பூஜை முடிந்து தெருவே களைத்துக் கிடக்கிறது. பந்தல் மூங்கிலை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள். விஜயதசமிக்கு சௌத்ரி பௌதி கொண்டுவந்த தேங்காய் லட்டை, நீ பக்கத்தில் இருந்தால் தருவேன். தீப்தி நலம், நானும். நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்?

நேற்று நாலாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தை முடித்தேன்.

தண்ணீர் வழி சொல்லும் என்பது முதல் பாகத்தில் இருக்கிறது. எண்ணுவதும் அதில்தான். வீடு பெரிசாகத் தெரிவது இரண்டாம் பாகத்தில். ஒரு எழுத்து மாறவில்லை. அந்தப் பக்கங்கள் வந்தபோது புத்தகத்தை மூடப் போனேன். ஆனால் ஓரத்தில் பென்சில் எழுத்து இருந்தது, தமிழில். 'அடி வரும்' என்று எழுதி அடித்திருக்கிறார். 'நிலம் வரும்' என்று எழுதி அதையும் அடித்திருக்கிறார். கீழே, 'தரை தட்டும்'. அதைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில் தீப்தி பிறந்த மாதம். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டுப் போனார் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். முன்னாடியே உட்கார்ந்து எழுதிப் பார்த்திருக்கிறார் மனுஷன். திருடியதாகவே இருக்கட்டும். எனக்குப் போதும்.

இப்போது உன் கேள்வி. நாலாவது எந்தப் பாகத்திலும் இல்லை. தவறவிட்டிருப்பேனோ என்று தீப்தியையும் தேடச் சொன்னேன். அவளுக்கும் கிடைக்கவில்லை. அந்தக் கப்பலின் கதவுகள் தாமாகத் திறந்து மூடுகிறவை. அவற்றுக்குத் தாழே கிடையாது.

சரி, டி.வி.க்காரர்கள் சேர்த்தது என்று நினைத்தேன். மே மாதம் அந்தக் காட்சியில் படகோட்டி என்ன சொன்னான் என்று தீப்தியைக் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். 'அவன் ஒண்ணும் சொல்லலையேம்மா. கதவுகிட்ட நின்னான், மியூசிக் வந்தது, போயிட்டான்' என்றாள். பௌதியையும் கேட்டேன். அவளுக்கு அந்தக் காட்சி நன்றாக நினைவிருக்கிறது. ஒரு வார்த்தையாவது சொல்லிவிட்டுப் போகக்கூடாதா என்றுதான் அன்று அழுதாளாம்.

நான் கேட்டேன், பிரபா. எங்கள் ஹாலில், பத்தே முக்கால் மணிக்கு, வெயில் ஜன்னல்வரை வந்திருந்தபோது. இதற்கு மேல் அளந்து பார்க்க என்னிடம் ஒன்றும் இல்லை.

ஒன்று மட்டும் யோசித்தேன். பதினேழு வருஷம் என் கதவு அவருக்குத் திறந்தே இருந்தது. அவர் ஒருநாளும் தட்ட வேண்டியிருக்கவில்லை. அந்த வார்த்தை என்னிடம் வந்து சொல்லப்பட வேண்டிய காரணம் ஏதும் இல்லை. அது உனக்கு அனுப்பிய சேதி. நீ எனக்கு எழுதுவாய், நான் உனக்கு எழுதுவேன் என்று தெரிந்துதான் இங்கே சொல்லியிருக்க வேண்டும்.

இன்று காலை முதல் என் கதவுக்குத் தாழ் போட்டுவிட்டேன். தீப்திக்குப் பெரிய நிம்மதி. நீ உன் கதவைப் பார்த்துக்கொள்.

கோபம் போய்விட்டது.

உன் அண்ணி,
கோமதி


தஞ்சாவூர்
25.10.1998

அன்பு அண்ணிக்கு,

வணக்கம். தீபாவளிக்குச் சுட்ட முறுக்கை அனுப்பியிருக்கிறேன், உடைந்திருந்தால் தபால் இலாகாவைத் திட்டுங்கள். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. என் முழங்கால்தான் அப்படியே.

உங்கள் கடிதத்தைப் பத்து நாள் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். நேற்று எனக்கு டூட்டி இல்லை. வீட்டுக்காரர் கும்பகோணம் போயிருந்தார். ஒன்றரை மணிக்கே வாசல் தாழை எடுத்துவிட்டு, கதவை லேசாகச் சாத்தி வைத்தேன். கூடத்தில், அன்றைக்குப் பாய் போட்டிருந்த அதே இடத்தில் உட்கார்ந்தேன். நூறிலிருந்து கீழே எண்ணினேன். இரண்டு மணி அடித்தது.

யாரும் தட்டவில்லை. தட்ட மாட்டேன் என்றுதானே சொல்லியிருந்தார்.

இரண்டே காலுக்கு மோர் எடுக்க அடுப்படிக்குப் போனேன். சொம்போடு கூடத்துக்குத் திரும்பி வந்து நின்றேன். சாத்தியிருந்த கதவு சாத்தியபடியே இருந்தது.

வீடு கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது, அண்ணி.

உங்கள்
பிரபா